ஊர் பெயரில் ஒரு கத்தி: பிரான்ஸின் மடக்குக் கத்திகள் சொல்லும் கதை

2012 செப்டம்பரில் பிரான்ஸின் தெற்குப் பகுதியில் ஒரு சின்ன ஊர், தன்னுடைய பெயர்ப் பலகையைத் தானே கழற்றி வைத்தது. மேயரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து செய்த போராட்டம் அது. "எங்க ஊர் பெயரே எங்களுக்குச் சொந்தமில்லைன்னா, இந்தப் பலகை எதுக்கு?" என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

அந்த ஊரின் பெயர் லயோல். சுமார் 1,200 பேர் வாழும் மலைக் கிராமம். எழுத்தைப் பார்த்தால் 'லகியோல்' என்று படிக்கத் தோன்றும். ஆனா அந்தப் பக்கத்து ஆட்கள் நடுவில் இருக்கும் 'க' ஒலியை விட்டுவிட்டு லயோல் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்றேன். இந்த ஊர் சண்டைக்குக் காரணம் ஒரு மடக்குக் கத்தி. பாக்கெட்டில் மடக்கி வைத்துக்கொள்கிற, ரொட்டியும் சீஸும் வெட்டுகிற கத்தி.

இந்த எபிசோடில் மூன்று கத்திகளைப் பற்றிப் பேசப் போறேன். லயோல், ஒபினெல், தியேர். மூணுமே பிரான்ஸில் பிறந்தவை. ஆனா மூன்றின் பெயரும் மூன்று வேறு வழியில் வந்தது. ஒன்று ஊர் பெயர், ஒன்று குடும்பப் பெயர், ஒன்று ஒரு தொழில் சமூகம் உட்கார்ந்து பேசி முடிவு செய்த பெயர். அந்தப் பெயர் யார் கையில் இருக்கிறது என்பதுதான் அந்தத் தொழிலே யார் கையில் இருக்கும் என்பதை முடிவு செய்தது. அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

சாப்பாட்டு மேசையில் சொந்தக் கத்தி

முதலில் ஒரு பின்னணி. பழைய பிரெஞ்சு கிராமங்களில் ஆண்கள் ஆளுக்கொரு கத்தியைப் பாக்கெட்டில் வைத்திருப்பார்கள். காலையில் கயிறு அறுக்க, மதியம் ரொட்டி வெட்ட, சாயங்காலம் குச்சி சீவ, எல்லாத்துக்கும் அதே கத்திதான். சாப்பிட உட்காரும்போது அவரவர் கத்தியை எடுத்து மேசையில் வைப்பார்கள். வீட்டுப் பெரியவர் தன் கத்தியை மடக்கிவிட்டால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம், எல்லோரும் எழுந்துவிட வேண்டும் என்று சொல்வார்கள்.

தினமும் பயன்படுத்துகிற பொருள் என்பதால், ஒவ்வொரு பகுதியின் வேலைக்கு ஏற்ற மாதிரி கத்தியின் உருவமும் மாறியது. மாடு மேய்க்கிற மலைக்கு ஒரு வடிவம், கப்பலில் கயிறு அறுக்கிறவனுக்கு ஒரு வடிவம். இப்படித்தான் வட்டாரக் கத்திகள் உருவாகின.

தென்மேற்கில் நோந்த்ரோன் என்ற ஊரின் கத்தியை நாட்டிலேயே ரொம்பப் பழைய கத்தி மரபு என்று சொல்லிக்கொள்வார்கள். பாக்ஸ்வுட் என்கிற மஞ்சள் நிற மரத்தில் கைப்பிடி. அந்தக் கைப்பிடியில் சூட்டுக்கோலால் போட்ட சின்னச் சின்னப் புள்ளிகளும் ஒரு கோணக் கோடும் இருக்கும். அந்த அடையாளத்தைப் பார்த்தாலே இது நோந்த்ரோன் என்று தெரிந்துவிடும்.

லயோல்: ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வேலை

இப்போ லயோலுக்கு வருவோம். ஓப்ராக் என்ற பீடபூமியில் இருக்கிறது இந்த ஊர். குளிர், காற்று, புல்வெளி, மாடுகள். இதுதான் அந்த இடம்.

மடிக்க முடியாத ஒரு குத்துக்கத்திதான் அங்கே முதலில் இருந்தது. பெயர் கபுஷாது. அதே காலத்தில் அந்தப் பக்கத்து ஆட்கள் குளிர்காலத்தில் வேலை தேடி ஸ்பெயினுக்குப் போய் வருவார்கள். அங்கே நவாஹா என்ற மடக்குக் கத்தி பிரபலம். இந்த இரண்டும் கலந்துதான் லயோல் கத்தி வந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. 1829-ல் அங்கே பட்டறை தொடங்கிய பியேர்-ஜான் கால்மெல்ஸ் என்பவர் பெயர் இதோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது.

எனக்கு இதில் ரொம்பப் பிடிச்ச விஷயம், பின்னாடி சேர்ந்த பாகங்கள். 1840 வாக்கில் கத்தியோடு ஒரு கூரான ஊசி சேர்ந்தது. தோலில் ஓட்டை போடலாம். ஆனா முக்கியமான வேலை வேற. ஈரமான பசும்புல்லை அதிகமாகத் தின்றுவிட்டால் மாட்டுக்கு வயிறு உப்பிவிடும். வாயு வெளியே போகாமல் சில மணி நேரத்தில் மாடு செத்தே போகலாம். அப்போது வயிற்றின் பக்கவாட்டில் சரியான இடத்தில் குத்தி வாயுவை வெளியேற்றுவார்கள். பக்கத்தில் கால்நடை டாக்டர் இல்லாத மலையில், பாக்கெட்டில் இருக்கும் இந்த ஊசிதான் மாட்டைக் காப்பாற்றும்.

அடுத்து 1880 வாக்கில் ஒயின் பாட்டிலின் கார்க்கை எடுக்கும் திருகு சேர்ந்தது. ஏன்? பிழைப்புக்காக அந்த மலைப்பகுதி ஆட்கள் நிறைய பேர் பாரிஸ் போனார்கள். அங்கே கரி விற்றார்கள், பிறகு கஃபே நடத்தினார்கள். மாடு மேய்க்கும்போது ஊசி, கஃபேயில் நிற்கும்போது திருகு. வேலை தேடிப் போனவர்களோடு கத்தியும் சேர்ந்து போய், அவர்களோட புது வேலைக்கு ஏற்ற மாதிரி மாறியிருக்கு.

கைப்பிடியில் சின்ன ஆணிகளால் ஒரு சிலுவை இருக்கும். தேவாலயம் இல்லாத மேய்ச்சல் நிலத்தில், இடையர்கள் கத்தியை ரொட்டியில் குத்தி நிறுத்தி அந்தச் சிலுவையைப் பார்த்து ஜெபம் செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு. இந்தக் கதையைச் சொல்லாத கடைக்காரர் அபூர்வம்.

அந்தத் தேனீயும் நெப்போலியனும்

இன்னொரு கதை தேனீயைப் பற்றியது. லயோல் கத்தியின் முதுகில், ஸ்பிரிங் முடியும் இடத்தில் ஒரு தேனீ உருவம் இருக்கும். நெப்போலியன் அந்த ஊர் வீரர்களின் தைரியத்தைப் பாராட்டிக் கொடுத்த முத்திரை என்று சொல்வார்கள். தேனீ நெப்போலியனின் சின்னங்களில் ஒன்று என்பது உண்மைதான்.

ஆனா தேதியைக் கொஞ்சம் பாருங்க. நெப்போலியன் இறந்தது 1821-ல். கால்மெல்ஸ் பட்டறை தொடங்கியது 1829-ல். தேனீ உருவம் பரவலானது 20-ஆம் நூற்றாண்டில்தான். ஸ்பிரிங்கின் அந்த முனைக்கு பிரெஞ்சு கத்தித் தொழிலாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'மூஷ்'. அந்தச் சொல்லுக்கு ஈ என்றும் அர்த்தம். அவ்வளவுதான்.

இதை ஏன் சொல்றேன்னா, தேனீ இருந்தால் அது ஒரிஜினல் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அந்தத் தேனீயை யார் வேண்டுமானாலும் போடலாம். போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள்.

மற்றவர் பெயரில் கத்தி செய்த ஊர்

இங்கேதான் இரண்டாவது ஊர் வருகிறது. தியேர். லயோலுக்கு வடக்கே, ஓவெர்ன் பகுதியில், மலைச்சரிவில் இருக்கிற நகரம். பிரான்ஸின் கத்தித் தலைநகரம் என்று தயங்காமல் சொல்லலாம். நாட்டில் தயாராகும் கத்திகளில் பெரும்பகுதி இன்றும் இங்கிருந்துதான் வருகிறது.

தியேரில் இரும்புச் சுரங்கம் கிடையாது. இருந்தது துரோல் என்ற ஆறு. மலையிலிருந்து வேகமாக இறங்கும் அந்த ஆற்றின் வேகத்தில் சக்கரங்கள் சுற்றின, சக்கரங்கள் சம்மட்டிகளையும் சாணைக் கற்களையும் ஓட்டின. ஒருவர் அலகை அடிப்பார், இன்னொருவர் சாணை பிடிப்பார், மூன்றாமவர் கைப்பிடி போடுவார். ஊரே ஒரு பட்டறை மாதிரி.

சாணை பிடிப்பவர்கள் உட்கார்ந்து வேலை செய்யவில்லை. சுற்றும் கல்லுக்கு மேலே ஒரு பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கையில் அலகைப் பிடித்து, உடம்பின் எடையால் அழுத்துவார்கள். நாள் முழுக்க. கல்லிலிருந்து தெறிக்கும் மஞ்சள் குழம்பு உடம்பில் ஒட்டிக்கொள்ளும். அதனால் அவர்களுக்கு 'மஞ்சள் வயிற்றுக்காரர்கள்' என்று பெயர். கீழே ஆற்றின் ஈரம், குளிர். அதனால் கால் மேலே நாயைப் படுக்க வைத்துக்கொள்வார்கள், சூட்டுக்காக. பழைய புகைப்படங்களில் அந்த நாய்களைப் பார்க்கலாம். அடுத்த தடவை பழைய கத்தி ஒன்றை ரசிக்கும்போது அந்த மனிதர்களையும் ஒரு நிமிடம் நினைச்சுக்கோங்க.

தியேரின் கத்திக்காரர்களுக்கு 1582-லேயே முறையான தொழிற்சங்க விதிகள் இருந்தன. ஒவ்வொரு பட்டறைக்காரருக்கும் தனி முத்திரை. அதை ஒரு பொதுவான உலோகத் தகட்டில் பதிந்து வைப்பார்கள். யார் யாருடைய முத்திரையைத் திருடினாலும் அந்தத் தகட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்னைக்கு நாம சொல்ற டிரேட்மார்க் பதிவுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனா விசித்திரம் என்னன்னா, இவ்வளவு கத்தி செய்த தியேர் காலம் காலமாகச் செய்தது பெரும்பாலும் மற்ற ஊர்களின் வடிவங்களைத்தான். எந்தப் பகுதிக்காரர் எந்த வடிவத்தைக் கேட்டாலும் தியேரில் செய்து கொடுத்தார்கள். லயோலும் அதில் ஒன்று. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லயோல் கத்திக்குத் தேவை கூடியபோது, சின்னப் பட்டறைகளால் சமாளிக்க முடியவில்லை. தயாரிப்பு தியேருக்குப் போனது. கொஞ்சம் கொஞ்சமாக லயோல் கிராமத்தில் கத்தி அடிப்பது நின்றே போனது.

பெயர் தொலைந்த கதை

1980-களில் ஊர்க்காரர்கள் தொழிலைத் திரும்பக் கொண்டுவர நினைத்தார்கள். 1987-ல் 'ஃபோர்ஜ் த லயோல்' என்ற தொழிற்சாலை திறந்தது. வடிவமைப்பாளர் ஃபிலிப் ஸ்டார்க் கட்டடத்தை வடிவமைத்தார். கூரையைக் கிழித்துக்கொண்டு 18 மீட்டர் உயரத்துக்கு ஒரு கத்தி அலகு நிற்கும். அதே ஸ்டார்க் அலுமினியக் கைப்பிடியோடு ஒரு நவீன லயோலையும் வடிவமைத்தார். ஊருக்கு மறுபடி வேலை வந்தது, டூரிஸ்ட்டுகள் வந்தார்கள்.

ஆனா 1993-ல், பாரிஸ் பக்கத்தைச் சேர்ந்த ஒரு வியாபாரி 'லயோல்' என்ற பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்தார். கத்திக்கு மட்டும் இல்லை, பல வகைப் பொருட்களுக்கும் சேர்த்து. அந்தப் பெயரை லைசென்ஸ் கொடுத்து, வெளிநாட்டில், குறிப்பாகச் சீனாவில் செய்த பொருட்கள் லயோல் என்ற பெயரில் கடைகளுக்கு வந்தன. லைட்டர், துணி, பார்பிக்யூ அடுப்பு வரைக்கும். லயோல் ஊரில் இருக்கும் ஒருவர் தன் ஊர் பெயரில் ஒரு பொருளை விற்க நினைத்தால் வழக்கு வருமோ என்று பயப்படும் நிலை.

கிராமம் கோர்ட்டுக்குப் போனது. 2012-ல் தோற்றது. அப்போதுதான் அந்தப் பெயர்ப் பலகை கீழே இறங்கியது.

இதில் ஒரு சட்ட ஓட்டையையும் புரிஞ்சுக்கணும். பிரான்ஸில் ஒயினுக்கும் சீஸுக்கும் ஊர் பெயரைக் காப்பாற்றும் சட்டம் பலமாக இருந்தது. ஷாம்பெய்ன் பகுதிக்கு வெளியே செய்த ஒயினை ஷாம்பெய்ன் என்று விற்க முடியாது. ஆனா கைவினைப் பொருட்களுக்கும் தொழிற்சாலைப் பொருட்களுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. லயோலில் ஒரு சீஸ் உண்டு, அதற்குப் பாதுகாப்பு இருந்தது. அதே ஊரின் கத்திக்கு இல்லை! 2014 மார்ச்சில் வந்த நுகர்வோர் சட்டம்தான் புவிசார் குறியீட்டை இந்த மாதிரிப் பொருட்களுக்கும் நீட்டித்தது. அந்தச் சட்டம் பற்றிய விவாதங்களில் லயோல் திரும்பத் திரும்பப் பேசப்பட்டது.

வழக்கும் தொடர்ந்தது. 2016-ல் பிரான்ஸின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் கிராமத்தின் வாதத்தை மறுபடி விசாரிக்கச் சொன்னது. 2019-ல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த டிரேட்மார்க்குகளில் பலவற்றை ரத்து செய்தது.

சரி, நல்லவர்கள் ஜெயித்துவிட்டார்கள், கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். இல்லை. புவிசார் குறியீடு யாருக்கு என்ற கேள்வி வந்தபோது இரண்டு தரப்பு நின்றது. "ஊர் பெயர் எங்களுடையது, இங்கே செய்தால்தான் லயோல்" என்றது கிராமத்துத் தரப்பு. "நீங்க விட்டுவிட்ட காலத்தில் நூறு வருஷத்துக்கு மேல இந்தக் கத்தியை உயிரோட வெச்சிருந்தது நாங்கதான்" என்றது தியேர் தரப்பு. 2022-ல் பிரான்ஸின் அறிவுசார் சொத்து அலுவலகம் இரண்டு பகுதிகளையும் சேர்த்த ஒரு பரப்புக்கு அங்கீகாரம் கொடுத்தது. கிராமத்துத் தரப்பு அதை ஏற்கவில்லை.

நேர்மையாகச் சொன்னால், எனக்கு இரண்டு தரப்பிலும் நியாயம் தெரிகிறது. வடிவம் பிறந்தது ஒரு ஊரில், வாழ்ந்தது இன்னொரு ஊரில். ஆனா இந்த இரண்டுக்குமே சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் அதிகம் சம்பாதித்தார் என்பதுதான் உறுத்துகிறது.

ஒபினெல்: குடும்பப் பெயர்

இப்போ இதற்கு நேரெதிரான ஒரு கதை. ஆல்ப்ஸ் மலையில், சவுவா பகுதியில், ஒரு கருமான் குடும்பம். கோடாரி, அரிவாள் செய்கிற குடும்பம். அதில் ஜோசஃப் ஒபினெல் என்ற 18 வயதுப் பையன், 1890-ல் ஒரு மடக்குக் கத்தி செய்கிறான். மரக் கைப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி, ஒரு உலோகப் பட்டை. ஸ்பிரிங் கூடக் கிடையாது. அலங்காரம் எதுவும் இல்லை.

ஜோசஃபுக்கு மெஷின் என்றால் உயிர். கைப்பிடி செய்ய அவரே மெஷின் வடிவமைத்தார். அதனால் ஒபினெல் ஆரம்பத்திலிருந்தே எளிமையான, மலிவான, நிறைய செய்யக்கூடிய கத்தி. 1897-ல் 1 முதல் 12 வரை பன்னிரண்டு அளவுகள் வந்தன. பிறகு 1-ம் 11-ம் நிறுத்தப்பட்டன. அதனால்தான் இன்றைக்கும் வரிசையில் அந்த இரண்டு நம்பர்கள் இருக்காது. எல்லோரும் வாங்குவது 8-ஆம் நம்பர், அதன் அலகு 8.5 சென்டிமீட்டர்.

1909-ல் ஜோசஃப் ஒரு முத்திரையைப் பதிவு செய்தார். கிரீடம் வைத்த ஒரு கை. கை பக்கத்து நகரமான சான்-ஜான்-த-மோரியேனின் சின்னத்திலிருந்து வந்தது, கிரீடம் பழைய சவுவா அரசக் குடும்பத்தைக் குறிக்கிறது. ஊரின் அடையாளமும் இருக்கிறது, குடும்பப் பெயரும் இருக்கிறது, இரண்டும் சட்டப்படி பதிவாகியும் இருக்கிறது. லயோலுக்கு இல்லாமல் போனது இதுதான்.

1955-ல் மார்செல் ஒபினெல் ஒரு சுழலும் வளையத்தைச் சேர்த்தார். அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும், விரல் மேல் மடங்காது. பின்னாளில் மடக்கிய நிலையிலும் பூட்டும் மாதிரி அதை மாற்றினார்கள். 1985-ல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் உலகின் அழகான நூறு பொருட்களில் ஒன்றாக ஒபினெலைச் சேர்த்தது. நிறுவனம் இன்றும் குடும்பத்தின் கையில், தொழிற்சாலை ஷாம்பெரி நகரில் இருக்கிறது.

ஒரு சின்ன டிப். மரம் ஈரத்தில் ஊதிவிட்டால் ஒபினெல் திறக்கவே திறக்காது. அப்போ பூட்டு வளையம் விடுபட்டிருக்கான்னு பார்த்துட்டு, கைப்பிடியின் கடைசி முனையை மேசையில் ஒரு தட்டு தட்டுவார்கள். அலகு கொஞ்சம் வெளியே வரும். இதுக்கு 'சவுவாக்காரன் தட்டு' என்று பெயரே உண்டு.

தியேரின் புது வழி

மற்ற ஊர்களின் கத்தியையே செய்துகொண்டிருந்த தியேர், 1990-களின் முற்பாதியில் ஒரு முடிவு எடுத்தது. "நமக்கென்று ஒரு கத்தி வேணும்." கத்திக்காரர்கள் ஒரு சகோதர அமைப்பாகச் சேர்ந்து, 'லு தியேர்' என்ற புது வடிவத்தை உருவாக்கினார்கள். மெல்லிய, லேசாக வளைந்த உருவம். அலகில் அதற்கான முத்திரை.

விதி இதுதான். அமைப்பில் இருக்கும் எந்தப் பட்டறையும் இந்தக் கத்தியைச் செய்யலாம். ஆனா தியேர் பகுதியில்தான் செய்யணும், அடிப்படை வடிவம் மாறக்கூடாது. கைப்பிடிக்கு என்ன பொருள் போடுவது, என்ன விலைக்கு விற்பது என்பது அவரவர் விருப்பம். ஒருவர் ஆலிவ் மரத்தில் செய்வார், இன்னொருவர் கார்பன் ஃபைபரில் செய்வார். பெயர் தனி ஆளுக்குச் சொந்தமில்லை, ஆனா கேட்பாரற்றும் கிடக்கவில்லை. 1582-ன் அந்த உலோகத் தகட்டை நினைவில் வைத்திருந்த ஊர், லயோலுக்கு நடந்ததையும் பக்கத்திலிருந்து பார்த்த ஊர், முதலிலேயே வேலி போட்டுக்கொண்டது.

வயசைப் பார்த்தால் இது என்னைவிடப் பெரிய வித்தியாசம் இல்லாத கத்தி. ஆனா செய்கிற கைகளுக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம். இதைப் பாரம்பரியம் என்பதா, நவீனம் என்பதா? இரண்டும் சரிதான் என்று எனக்குத் தோணுது.

வாங்குவதற்கு முன்

பிரான்ஸ் போகிற நண்பரிடம் ஒரு கத்தி வாங்கி வரச் சொல்லப் போகிறீர்கள் என்றால், மூன்று விஷயம்.

ஒன்று, தேனீயைப் பார்க்காதீங்க, அலகில் தயாரிப்பாளர் பெயர் இருக்கா என்று பாருங்க. 'லயோல்' என்ற சொல் மட்டும் இருந்தால் அது கத்தியின் வடிவத்தைச் சொல்கிறது, பட்டறையைச் சொல்லவில்லை. எந்த ஊரில், யார் செய்தது என்று கடைக்காரரிடம் கேளுங்க. நல்ல கடைக்காரர் சந்தோஷமா பதில் சொல்வார்.

இரண்டு, கார்பன் ஸ்டீல் அலகு கூர்மையாகத் தீட்ட எளிது, ஆனா துருப்பிடிக்கும். பழம் வெட்டினால் கறுக்கும். துடைத்து லேசாக எண்ணெய் தடவணும். அந்தப் பொறுமை இல்லையா, ஸ்டெயின்லெஸ் வாங்குங்க.

மூன்று, விமானத்தில் கைப்பையில் வைக்காதீங்க, செக்-இன் பையில் போடச் சொல்லுங்க. பிரான்ஸிலேயே கூட, தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தியை எடுத்துக்கொண்டு நடப்பது சட்டப்படி குற்றமாகலாம். தாத்தா காலத்தில் பாக்கெட்டில் இயல்பாக இருந்த பொருள்தான். இன்னைக்கு பிக்னிக்குக்கு என்றால் சரி, மெட்ரோவில் சும்மா என்றால் போலீசுக்குப் பதில் சொல்லணும்.

கடைசியாக ஒன்று. பிரான்ஸில் கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் நட்பு அறுந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் வாங்கிக்கொள்பவர் பதிலுக்கு ஒரு சின்னக் காசாவது கொடுப்பார். அப்போ அது பரிசு இல்லை, வியாபாரம். உங்க நண்பர் கத்தி வாங்கி வந்தால் ஒரு ரூபாயைக் கையில் வெச்சிருங்க.